அவர் கேட்கலை... நான் சொல்லலை!

அமெரிக்காவில் படகுக்காரர்கள் மத்தியில் ஒரு ஜோக் ரொம்பப் பிரபலம். படகு வைத்திருப்பவனுக்கு வாழ்க்கையில் இரண்டே இரண்டு சந்தோஷமான நாட்கள். ஒன்று, படகு வாங்கிய நாள். இன்னொன்று, அதை விற்றுத் தொலைத்த நாள்!

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இப்போது கொஞ்சம் யோசியுங்கள். ஒருவன் விற்றுத் தொலைத்த அதே நாளில்தான் இன்னொருவன் வாங்கியிருக்கிறான். ஒரே நாள், ஒரே படகு, இரண்டு பேருக்கும் சந்தோஷம். ஒருவனுடைய சந்தோஷத்துக்குக் காரணம், அவனுக்கு ஒரு விஷயம் தெரியும். இன்னொருவனுடைய சந்தோஷத்துக்குக் காரணம், அவனுக்கு அந்த விஷயம் தெரியாது!

இந்த வாரம் பேசப்போவது அந்த 'விஷயம்' பற்றித்தான். ஒரு பொருளை விற்கிறவர், அதில் உள்ள குறையை, வாங்குகிறவர் கேட்காவிட்டாலும் சொல்லித்தான் ஆகவேண்டுமா? பொய் சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். உண்மையைச் சொல்லாமல் சும்மா இருப்பது? அது தப்பா, சாமர்த்தியமா?

பைக், ஃப்ரிட்ஜ், ஃப்ளாட் என்று எதை வைத்தும் இதைப் பேசலாம். நான் ஜெட் ஸ்கீயை எடுத்துக்கொள்கிறேன். கோவா பீச்சில் பார்த்திருப்பீர்கள். மோட்டார் பைக்கில் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, கீழே ஒரு குட்டிப் படகை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். 'விர்ர்ர்' என்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். உண்மையில் 'ஜெட் ஸ்கீ' என்பது கவாஸாகி கம்பெனி வைத்த பிராண்ட் பெயர். போட்டோகாப்பி எல்லாம் நமக்கு 'ஜெராக்ஸ்' ஆன மாதிரி, இந்த வண்டிகள் எல்லாமே உலகத்துக்கு ஜெட் ஸ்கீ ஆகிவிட்டன. கிளேட்டன் ஜேக்கப்ஸன் என்ற மோட்டோகிராஸ் பந்தய வீரர் 1960-களில் கண்ட கனவு அது. கனடாவின் பாம்பர்டியர் 1968-லேயே 'சீ-டூ' என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தது. பிறகு யமஹாவும் வந்து சேர்ந்தது.

இதற்கு வெளியே தெரிகிற மாதிரி ப்ரொப்பெல்லர் கிடையாது. அடியில் இருக்கிற பம்ப், ஏரித் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கமாகப் பீய்ச்சி அடிக்கும். அந்த வேகத்தில் வண்டி முன்னால் பாயும். பழைய மாடல்களில் பிரேக் என்பதே இல்லை. இன்னொரு விசித்திரம், பீய்ச்சி அடிக்கிற தண்ணீர்தான் வண்டியைத் திருப்பவும் செய்கிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால் தண்ணீர் பாய்ச்சல் நின்றுவிடும். ஹேண்டில்பாரை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

புதுசு வாங்குவது லேசான காரியம் இல்லை. 2013-ல் சீ-டூ 'ஸ்பார்க்' என்ற சிக்கன மாடலை அறிமுகப்படுத்தியபோதே ஆரம்ப விலை 4,999 டாலர். உயர்ரக மாடல்கள் இருபதாயிரம் டாலரை ஒட்டி நிற்கின்றன. அதனால்தான் ஏரிக்கரை ஊர்களில் செகண்ட் ஹேண்ட் ஜெட் ஸ்கீக்கு அப்படி ஒரு கிராக்கி. வீட்டு வாசலில் டிரெய்லரில் ஏற்றி, 'விற்பனைக்கு' என்று அட்டை மாட்டி நிறுத்தியிருப்பார்கள்.

இப்போது ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். நீங்கள்தான் விற்கிறவர். அட்லாண்டா பக்கத்தில், லேனியர் ஏரியிலிருந்து கொஞ்ச தூரத்தில் உங்கள் வீடு. வண்டிக்குப் பன்னிரண்டு வயசு. நாலைந்து முறை ஃப்ளோரிடா கடலுக்குப் போய் உப்புத் தண்ணீரில் குளித்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை கவிழ்ந்து, என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. வடித்து, காயவைத்து, எண்ணெய் மாற்றி எப்படியோ ஓட்டிவிட்டீர்கள். அதிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆவதற்குக் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது. போன மாசம் ஒரு தடவை, ஒரே தடவைதான், ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் கேபிள் சிக்கி, வண்டி பாய்ந்துகொண்டே இருந்தது.

வாங்க ஒருவர் வருகிறார். மாதச் சம்பளக்காரர். மனைவி, இரண்டு பிள்ளைகள். கையில் மூவாயிரம் டாலர். இரண்டு வருஷமாகச் சேர்த்தது. வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறார். ஸீட்டைத் தடவிப் பார்க்கிறார். "நல்லா ஓடுமா?" என்று கேட்கிறார். "ஓடும்" என்கிறீர்கள். ஓடத்தானே செய்கிறது! "ஸ்டார்ட் பண்ணுங்களேன்" என்கிறார். பட்டனைத் தொட்டதும் 'ட்ரூம்' என்று கிளம்புகிறது. ஏன் கிளம்பாது? அவர் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே நீங்கள் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி, என்ஜினைச் சூடாக்கி வைத்துவிட்டீர்களே!

அவர் பர்ஸைத் திறக்கிறார். ஐம்பது டாலர் நோட்டுகளை எண்ணுகிறார். சொல்வீர்களா?

அந்த இடத்தில் உங்கள் மனசுக்குள் ஒரு வக்கீல் எழுந்து நிற்பார் பாருங்கள், சுப்ரீம் கோர்ட் சீனியர் அட்வகேட் தோற்றார்! "யுவர் ஆனர், என் கட்சிக்காரர் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. கவிழ்ந்ததா என்று அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. தவிர, விளம்பரத்திலேயே 'இருக்கிற நிலையில் அப்படியே' என்று போட்டிருக்கிறோம். விலையும் குறைவாகத்தான் கேட்டோம். தவிரவும், என் கட்சிக்காரருக்கு இதை விற்றவன் மட்டும் என்னத்தைச் சொன்னான்?"

கேட்கக் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சட்டமும் பெரும்பாலும் அவர் பக்கம்தான்.

நான் பி.காம். படித்தவன். 'மெர்க்கன்டைல் லா' என்று ஒரு பேப்பர் உண்டு. பரீட்சை முடிந்த மறுநாளே முக்கால்வாசி மறந்துவிடும். ஆனால், அதில் வருகிற ஒரு குதிரையை மட்டும் யாராலும் மறக்க முடியாது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவு. மோசடி என்றால் என்ன என்று விளக்குகிற பிரிவு. அதில் உதாரணமாக வருகிற குதிரை.

'ஏ' என்பவர் 'பி'க்கு ஏலத்தில் ஒரு குதிரை விற்கிறார். குதிரைக்கு உடம்பு சரியில்லை. அது 'ஏ'க்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. இது மோசடியா? இல்லை என்கிறது சட்டம். சும்மா இருப்பது மட்டுமே மோசடி ஆகாது. 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவும் இதே பாட்டுதான். சில விதிவிலக்குகள் தவிர, 'வாங்குகிறவனே, ஜாக்கிரதையாக இருந்துகொள்!'

நம் மனசாட்சி வக்கீல் இந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிடுவார். சட்டம் எழுதியவர்கள் மூடவில்லை. குதிரையை வைத்தே இன்னும் இரண்டு உதாரணம் தருகிறார்கள். அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

அதற்கு முன்னால், இந்த வழக்கு எவ்வளவு பழசு என்று பாருங்கள். ரோமாபுரியின் சிசரோ, கி.மு. 44-ல், 'கடமைகள்' பற்றித் தன் மகனுக்கு ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு வீடு விற்பனைக்கு வருகிறது. பார்க்க லட்சணமான வீடு. ஆனால், குடியிருந்தால் உடம்புக்கு ஆகாது. படுக்கை அறைகளில் விஷ ஜந்துக்கள் நடமாட்டம். இது வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

இதற்கு இரண்டு தத்துவ ஞானிகளின் பதிலை சிசரோ எதிரெதிரே நிறுத்துகிறார். பாபிலோனைச் சேர்ந்த டயோஜெனிஸ் (பீப்பாய்க்குள் குடியிருந்த டயோஜெனிஸ் இல்லை, இவர் வேறு) சொல்கிறார்: 'வாங்கச் சொல்லி உன்னை யாராவது கட்டாயப்படுத்தினார்களா? உனக்குக் கண் இருக்கிறது. பார்த்து வாங்கு. வீட்டு வாசலில் நின்று, என் வீடு மோசமான வீடு என்று கூவிக்கொண்டா விற்க முடியும்?' அவருடைய சிஷ்யர் ஆன்ட்டிபேட்டர் மறுக்கிறார்: 'வழி தெரியாமல் நிற்பவனுக்கு வழி காட்டாமல் போவதே தப்பு. இது அதைவிட மோசம். தப்பான வழியில் போகிறான் என்று தெரிந்தே வேடிக்கை பார்ப்பது.'

குருவா, சிஷ்யரா? சிசரோ சிஷ்யர் பக்கம் சாய்கிறார். அவர் சொல்கிற காரணம் முக்கியமானது. எல்லா மௌனமும் மறைப்பு ஆகாது. வாங்குகிறவன் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற ஒன்றை, நம் லாபத்துக்காக, அவன் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டால்தான் அது மறைப்பு.

இது ஒரு நல்ல உரைகல். ஜெட் ஸ்கீக்கு வருவோம். ஸீட் கவரை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. அது மௌனம். கவிழ்ந்த கதையைச் சொல்லவில்லை. அது மறைப்பு. வித்தியாசம் எங்கே இருக்கிறது? உங்கள் நெஞ்சில்தான். 'ஐயோ, இதை மட்டும் கேட்டுவிடக் கூடாதே' என்று எந்தக் கேள்விக்காக உங்கள் நெஞ்சு படபடக்கிறதோ, அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் நீங்கள் சொல்லியாக வேண்டும்!

அதே நூலில் இன்னொரு கதையும் வருகிறது. கேனியஸ் என்ற ரோமானியப் பெரிய மனிதர் சிராக்யூஸ் நகரத்துக்கு ஓய்வெடுக்கப் போகிறார். கடலோரமாக ஒரு தோட்ட வீடு வாங்க ஆசை. பித்தியஸ் என்ற வட்டிக்கடைக்காரர் தன் தோட்டத்துக்கு விருந்துக்கு அழைக்கிறார். போனால், வீட்டுக்கு எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் மீன் படகுகள். ஒவ்வொரு மீனவனும் துள்ளத் துள்ள மீனைக் கொண்டுவந்து பித்தியஸ் காலடியில் கொட்டுகிறான். 'ஊருக்கே மீன் இங்கேதான் சார் கிடைக்குது' என்கிறார் பித்தியஸ். கேனியஸுக்கு ஆசை தலைக்கேறி, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிவிட்டார். மறுநாள் நண்பர்களை அழைத்துவந்தால் ஒரு படகும் இல்லை. 'இன்றைக்கு மீனவர்களுக்கு விடுமுறையா?' என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கிறார். அவர், 'இங்கே யாரும் மீன் பிடிக்க வரமாட்டார்களே. நேற்றுதான் என்ன அதிசயமோ, இத்தனை படகு!' என்றாராம்.

பித்தியஸ் பேசியதைவிட ஏற்பாடு பண்ணியதுதான் அதிகம். நம்முடைய அந்த அரை மணி நேரச் சூடாக்கலும் பித்தியஸின் மீன் படகும் ஒன்றுதானே? வாயால் சொன்னால்தான் பொய்யா? கையால் சொன்னாலும் பொய்தான். இந்தத் தந்திரம் ஊரறிந்த ஒன்று. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், 'நான் வருகிறவரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். என்ஜின் ஜில்லென்று இருக்கட்டும்' என்று போனிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

சரி, 'விலையைக் குறைத்துத்தானே கொடுத்தேன்' என்ற வாதம்? கேட்க நியாயமாக இருந்தாலும், இருப்பதிலேயே விஷமமான வாதம் இதுதான். குறையைச் சொல்லிவிட்டு விலையைக் குறைத்தால் அது தள்ளுபடி. குறையைச் சொல்லாமல் விலையைக் குறைத்தால் அது தூண்டில் புழு. 'நாலாயிரம் போகிற வண்டியை மூவாயிரத்துக்கு அடிச்சிட்டேன்' என்று அவர் மனைவிக்கு போன் பண்ணுகிறார். உண்மையில் அந்த வண்டி ஆயிரம் பெறுமோ என்னவோ!

இந்த இடத்தில் பொருளாதாரம் பேசாவிட்டால் என் பி.காம். கோபித்துக்கொள்ளும். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர், 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அது வெளிவருவதற்கு முன் மூன்று பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இருவரோடும் பகிர்ந்துகொண்டார்.

அவர் சொன்னதை நம் வண்டிக்குப் பொருத்திப் பார்ப்போம். சந்தையில் பாதி வண்டிகள் நல்லவை, ஒவ்வொன்றும் 5,000 டாலர் பெறும். பாதி மோசமானவை, 2,000 பெறும் என்று வைத்துக்கொள்வோம். எது எது என்று விற்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். வாங்குகிறவர் என்ன செய்வார்? சராசரி போட்டு 3,500-க்கு மேல் தரமாட்டார். நல்ல வண்டி வைத்திருப்பவர், 'என் வண்டிக்கு 3,500-ஆ? நானே ஓட்டிக்கொள்கிறேன்' என்று அட்டையைக் கழற்றிவிடுவார். இப்போது சந்தையில் மிச்சம் மோசமான வண்டிகள்தான். அது புரிந்ததும் விலை 2,000-க்கு வந்து நிற்கும். இத்தனைக்கும் எல்லோரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேர் சும்மா இருந்தாலே போதும்!

ஆக, மௌனத்தின் விலையை அந்த ஒரு ஏமாளி மட்டும் கொடுப்பதில்லை. வண்டியைப் பிள்ளை மாதிரி பராமரித்து, ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் என்ஜினை அலசி வைத்த யாரோ ஒரு யோக்கியரும் கொடுக்கிறார். அவர் 'நல்ல வண்டி சார்' என்று சத்தியம் பண்ணினாலும் எவனும் நம்பமாட்டான். ஏனென்றால், நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள்!

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. 'விற்கிறவனும் ஏழையாக இருந்தால்? அவனுக்கும் பணமுடை. வேலை போயிருக்கலாம். மூவாயிரம் அவனுக்கும் உயிர் மூச்சு. குறையைச் சொன்னால் யார் வாங்குவார்கள்?' இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. இரண்டு பக்கமும் காலி பர்ஸ் இருக்கிற இடத்தில், வெறும் உபதேசம் ரொம்ப சுலபம்.

ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். பணமுடையில் இருக்கும் விற்பவர், விலையைக் கறாராகப் பேசலாம். கொஞ்சம் கூடவே கேட்கலாம். 'இந்தப் பணம் எனக்கு அவசரமாக வேண்டும்' என்று மனம் திறந்தும் கேட்கலாம். இதில் எதிலுமே தப்பில்லை. ஏனென்றால், முடிவு இன்னும் வாங்குகிறவர் கையில்தான் இருக்கிறது. மறைக்கிறபோது நாம் எடுத்துக்கொள்வது அவருடைய பணத்தை மட்டும் இல்லை. அந்தப் பணத்தைப் பற்றி அவர் எடுக்க வேண்டிய முடிவையும் நாமே எடுத்துவிடுகிறோம். பணக் கஷ்டம் நமக்கு அந்த உரிமையைத் தருவதில்லை.

இன்னும் ஒரு கணக்கு. புது வண்டி வாங்குகிற பணக்காரருக்கு வாரன்ட்டி இருக்கிறது. ரிப்பேர் ஆனால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். நடுத்தரமாக வாங்குகிறவர் காசு கொடுத்து ஒரு மெக்கானிக்கை அழைத்துவருவார். எண்ணி எண்ணி மூவாயிரம் சேர்த்தவரிடம் இரண்டும் கிடையாது. சில பழைய சூப்பர்சார்ஜர் மாடல்களில் நூறு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை அந்த பாகத்தைப் பிரித்துப் புதுப்பிக்கச் சொல்லியிருப்பார்கள். செய்யாமல் விட்டால் அது உடைந்து, துண்டுகள் என்ஜினுக்குள் போகும். என்ஜின் மாற்றுகிற செலவு, பழைய வண்டியின் விலையையே முழுங்கிவிடக்கூடும். ஒரே மௌனம்தான். பணக்காரருக்கு அது ஒரு சலிப்பு. இவருக்கு இரண்டு வருஷச் சேமிப்பு. 'வாங்குகிறவனே, ஜாக்கிரதை' என்ற விதி எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்தாலும், அதன் பாரம் விழுவது ஜாக்கிரதைக்குச் செலவழிக்க முடியாதவர் தலையில்தான்.

அவர் ஜாக்கிரதையாகவே இருந்தாலும் எவ்வளவு தெரிந்துவிடும்? பெரும்பாலான மாடல்களில் என்ஜினையோ, அதன் புகைக்குழாயையோ குளிரவைப்பது ஏரித் தண்ணீர்தான். வீட்டு வாசலில், ஹோஸ் பைப் இணைக்காமல் கொஞ்ச நேரத்துக்கு மேல் ஓடவிட்டால் சூடாகிக் கெட்டுவிடும். அதனால் 'ஸ்டார்ட் ஆகுதா, சரி, ஆஃப் பண்ணிடலாம்' என்று முடிந்துவிடும். தண்ணீரில் இறக்கினால்தான் வண்டவாளம் தெரியும்.

இதற்காக, வியாபாரத்தில் தெரிந்த எல்லாவற்றையும் ஒப்பித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. 1815-ல் நியூ ஆர்லியன்ஸில் ஆர்கன் என்ற வியாபாரி, போர் முடிந்து சமாதான ஒப்பந்தம் ஆன செய்தியை ஊருக்கு முன்னால் தெரிந்துகொண்டு, அவசரமாகப் புகையிலை வாங்கினார். செய்தி பரவியதும் விலை எகிறியது. விற்றவர்கள் விழித்துக்கொண்டார்கள். வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1817-ல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், அந்தச் செய்தியை வாங்குகிறவர் சொல்லியாக வேண்டும் என்ற கடமை இல்லை என்றார். ஆனால், எதிராளி ஏமாறும்படி எதையும் பேசவோ செய்யவோ கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

எனக்கு இதில் ஒரு கோடு தெரிகிறது. சந்தை நிலவரம் என்பது ஊரில் உலவுகிற செய்தி. யார் வேண்டுமானாலும் மெனக்கெட்டுத் தெரிந்துகொள்ளலாம். அடுத்த மாசம் குளிர் வந்தால் ஜெட் ஸ்கீ விலை இறங்கும் என்பதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், பொருளுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் குறை அப்படி அல்ல. எவ்வளவு மெனக்கெட்டாலும் வாங்குகிறவருக்குத் தெரியாது, உங்களுக்கு மட்டும் தெரியும் என்றால், சொல்வது உங்கள் பொறுப்பு. அந்தக் குறை உயிர் சம்பந்தப்பட்டது என்றால் பேச்சே இல்லை.

சிக்கிக்கொள்ளும் அந்த ஆக்ஸிலரேட்டர் கேபிளை நினைத்துப் பாருங்கள். பிரேக் இல்லாத வண்டி. எதிரே படகுத்துறை. அல்லது பழைய வண்டியில் வெடிப்பு விட்ட பெட்ரோல் குழாய். மூடிக்கிடக்கும் அடிப்பகுதியில் பெட்ரோல் ஆவி தேங்கி நின்றால், ஸ்டார்ட் பண்ணுகிற ஒரு பொறி போதும். இவற்றையெல்லாம் 'அவர் கேட்கவில்லையே' என்ற கணக்கில் எழுத முடியுமா?

வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தில் வியாபாரிகளுக்கென்றே தனியாக ஒரு குறள் வைத்திருக்கிறார். பிறர் பொருளையும் தன் பொருள் போலப் பேணிச் செய்வதுதான் வியாபாரம் என்கிறார். எதிராளியின் மூவாயிரமும் நம் மூவாயிரம் மாதிரி. ரொம்பப் பெரிய தியாகம் எதையும் கேட்கவில்லை. நாம் வாங்குகிற பக்கம் நின்றால் என்னென்ன தெரிந்துகொள்ள விரும்புவோமோ, அதைச் சொல்லச் சொல்கிறார், அவ்வளவுதான். 'எனக்கு விற்றவன் சொல்லவில்லையே' என்ற வாதமும் இங்கேதான் அடிபட்டுப்போகிறது. நம்மை ஏமாற்றியவன் ஒருவன். நாம் பழி தீர்ப்பது வேறொருவனிடம்!

இப்போது, பாக்கி வைத்த அந்தக் குதிரை.

சட்டம் தருகிற இன்னோர் உதாரணத்தில், வாங்கவந்த 'பி' வாயைத் திறக்கிறார். 'நீங்கள் மறுக்காவிட்டால், குதிரை நன்றாக இருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்' என்கிறார். 'ஏ' சும்மா இருக்கிறார். இப்போது அந்த மௌனம், பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம்.

குறைந்த பணத்தோடு எதை வாங்கப் போனாலும் இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காசில்லாத ஆயுதம் இது. நேராகக் கேளுங்கள். தண்ணீருக்குள் என்றைக்காவது மூழ்கியதா? கடலில் ஓட்டியதா? எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது? கடைசியாக எது ரிப்பேர் ஆனது? ஏன் விற்கிறீர்கள்? சிலிண்டர்களின் அழுத்தத்தை ஒரு சின்ன கேஜ் வைத்துப் பார்க்கலாமா? ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் எண்ணெயைத் தொட்டுப் பாருங்கள். பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பின்பக்கம் பொறித்திருக்கும் 12 எழுத்து அடையாள எண்ணை, பேப்பரில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். பதில்களை எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். முகம் சுளித்தால், அதுவும் ஒரு பதில்தான். கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுவதை நாம் மரியாதை என்று நினைக்கிறோம். விற்கிறவருக்கு அது வசதி!

கடைசியாக இன்னொரு உதாரணம். அதே குதிரை. அதே 'ஏ'. வாங்குகிற 'பி' இப்போது அவருடைய சொந்த மகள். அப்போதுதான் மேஜர் ஆனவள். இப்போதும் அப்பா சும்மா இருக்கலாமா? கூடாது என்கிறது சட்டம். உறவே சொல்லச் சொல்கிறது. அவள் கேட்கட்டும் என்று காத்திருக்க முடியாது.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எழுதியவர்கள் ரொம்பத் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார்கள். குதிரை மாறவில்லை. நோய் மாறவில்லை. விற்கிறவருக்குத் தெரிந்த விஷயமும் மாறவில்லை. எதிரே நிற்பவர் யார் என்பது மட்டும் மாறுகிறது. கடமையும் மாறிவிடுகிறது. சொல்ல வேண்டிய விஷயம் எது என்பதில் நமக்குக் குழப்பமே இல்லை. யாரிடம் சொல்ல வேண்டும் என்பதில்தான் பேரம் பேசுகிறோம்.

சட்டத்தால் அவ்வளவுதான் முடியும். எங்கேயாவது ஓரிடத்தில் கோடு போட்டு, 'இவள் மகள், இவன் மூன்றாம் மனிதன்' என்று பிரித்துத்தான் ஆகவேண்டும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நோட்டை எண்ணிக்கொண்டிருக்கிறாரே அந்த மனிதர், அவருக்கு வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். வருகிற சனிக்கிழமை லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, அந்த வண்டியில் அப்பாவுக்குப் பின்னால் உட்காரப்போகிறவள் அவள்தான்.

ஆக்ஸிலரேட்டர் கேபிள் பற்றி இப்போதே சொல்லிவிடுங்கள்.